எண்பது என்று எழுதிய கணக்கு

திருச்சி

அன்புள்ள வாத்தியாரே,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பதினைந்து நாள் எதையும் படிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் என் மனைவி அலமாரியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கூடத்துச் சுவரில் இத்தனை வருடமாக இருந்த விரிசலும் தெரிகிறது. அது ஒரு செலவு.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படியேறாதே என்று சொன்னால் கேட்கமாட்டாய். மாடியில் காயும் கொப்பரையைக் காக்காய் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

நீ கேட்டது நினைவிருக்கிறது. “பழைய காலத்து நாஸ்டிக் கூட்டத்தில் எத்தனை பிரிவு, ஒரே தாளில் பட்டியல் போட்டு அனுப்பு, நீதான் கணக்குத் தணிக்கை பார்த்த ஆள் ஆயிற்றே” என்று எழுதியிருந்தாய். முதலில் அந்தப் பெயரைச் சரிசெய்துகொள்வோம். எதிர்வீட்டுக்காரரிடம் நாஸ்டிக் பற்றிப் படிக்கிறேன் என்றேன். “இந்த வயதில் நாஸ்திகமா?” என்று பதறிவிட்டார். பொருளோ நேர் எதிர். கிரேக்கத்தில் ‘க்னோசிஸ்’ என்றால் அறிவு, அதிலும் உள்ளே விளங்கிக்கொள்ளும் அறிவு. நம் ஞானமும் அதுவும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் தவறான போதனைக்காரர்கள் என்று திருச்சபை ஒதுக்கிய கூட்டங்கள் இவை. ஆகவே ஞானவாதிகள் என்றே எழுதுகிறேன், எதிர்வீட்டுக்காரருக்கும் நிம்மதி.

இனி உன் பட்டியல். போட முடியாது என்பதுதான் பதில். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

இந்தக் கூட்டங்களைப் பற்றி 1,500 வருடங்களுக்கும் மேலாக உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அவர்களுடைய எதிரிகள் எழுதி வைத்தது. இதில் பெரிய கணக்கப்பிள்ளை எப்பிபேனியஸ், சைப்ரஸ் தீவில் சலாமிஸ் நகரத்து ஆயர். நான்காம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தவறான கூட்டங்கள் எல்லாவற்றையும் வரிசையாக ஒரு பெரிய நூலில் பதிந்தார். நூலுக்கு ‘மருந்துப் பெட்டி’ என்று பொருள்படும் பெயர். ஒவ்வொரு கூட்டமும் ஒரு பாம்பு, அல்லது விஷப்பூச்சி. கடித்தால் இவர் கையில் மருந்து. மொத்தம் எத்தனை கூட்டம் தெரியுமா? எண்பது. ஒன்று அதிகமும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை.

முப்பது வருடம் பேரேடு புரட்டியவனுக்கு இப்படி முழு எண் வந்தாலே மூக்கில் வியர்க்கும். பைபிளின் உன்னதப்பாட்டில் அறுபது ராஜாத்திகள், எண்பது மறுமனையாட்டிகள் என்று ஒரு வசனம் வருகிறது அல்லவா? அந்த எண்பதுதான் இது. முதலில் தொகையை முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்கேற்ப இனங்களை நிரப்பியிருக்கிறார். கிறிஸ்துவுக்கு முந்தைய இருபதை வேறு உள்ளே தள்ளியிருக்கிறார். கிரேக்கத் தத்துவப் பள்ளிகள்கூடப் பட்டியலில் உண்டு. ஒரே ஆட்களுக்கு இரண்டு மூன்று தலைப்பு கொடுத்திருப்பாரோ என்று பல இடங்களில் சந்தேகம் தட்டுகிறது. இளவயதில் எகிப்தில் ஒரு கூட்டத்துப் பெண்கள் தன்னை மயக்கிச் சேர்த்துக்கொள்ளப் பார்த்ததாகவும், தான் தப்பித்துப்போய் ஆயர்களிடம் சொன்னதாகவும், அதன்பேரில் நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் எண்பது பேர் என்றும் அவரே எழுதுகிறார். அங்கேயும் எண்பது! அந்த மனிதருக்கு அந்த எண்ணின் மேல் அப்படி ஓர் ஆசை.

அவருக்கு இருநூறு வருடம் முந்தியவர் இரேனியஸ், இன்றைய பிரான்சின் லியோன் நகரத்து ஆயர். சுமார் 180-இல் எழுதினார். இவரிடம் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு, கிண்டல் தெரிந்த ஆள். இந்தக் கூட்டங்கள் மழைக்குப் பிறகு காளான் முளைப்பதுபோல முளைக்கின்றன என்கிற மாதிரிப் புலம்புகிறார். அவர்கள் ஆதிக் கடவுளிடமிருந்து தோன்றியவர்கள் என்று வரிசையாகப் பெயர் அடுக்குவதைப் பார்த்து எரிச்சலாகி, “நானும் ஒரு வரிசை சொல்கிறேன், சுரைக்காய், அதனோடு ஒரு வெறுமை, பிறகு வெள்ளரிக்காய், முலாம்பழம்” என்று காய்கறிச் சந்தையையே வானத்தில் ஏற்றிவிடுகிறார். சண்டைக்காரனாக இருந்தாலும் எழுத்தாளன்.

அப்படி என்னதான் சொன்னார்கள்? பொதுவான சரடு ஒன்று இருக்கிறது. இந்த உலகத்தைப் படைத்தவன் எல்லாவற்றுக்கும் மேலான கடவுள் அல்ல. கீழ்ப்படியில் இருக்கும் ஒருவன், பல கதைகளில் அறியாமை பிடித்தவன். மனிதனுக்குள் மேலுலகத்துப் பொறி ஒன்று சிக்கிக் கிடக்கிறது. அது தன் ஊரை நினைத்துக்கொள்வதே விடுதலை. இந்தச் சரட்டிலிருந்து ஆளுக்கு ஒரு புடவை நெய்தார்கள். அலெக்சாந்திரியாவில், ஹேட்ரியன் பேரரசர் காலத்தில், பசிலிடெஸ் என்பவர் 365 வானங்கள் என்றார். அவற்றின் தலைவன் அப்ராசக்ஸ். அந்தப் பெயரின் கிரேக்க எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் 365 வருகிறது. நான் கூட்டிப் பார்த்தேன், வருகிறது. அந்தியோக்கியாவின் சத்துர்னினஸ், திருமணமும் பிள்ளைப்பேறும் சாத்தானின் வேலை என்றார். அவருடைய ஆட்களில் பலர் புலால் தொடுவதில்லை. இதற்கு நேர் எதிர்த் திசையில் கார்ப்போகிரட்டஸ். அவருடைய மகன் எப்பிபேனஸ் பதினேழு வயதில் செத்துப்போனான். அதற்குள் நீதி பற்றி ஒரு நூல் எழுதிவிட்டான்: சூரியன் எல்லார்மேலும் ஒன்றுபோலக் காய்கிறது, ‘என்னுடையது உன்னுடையது’ என்பது சட்டம் நுழைத்த விஷயம் என்று. நாம் பதினேழில் என்ன செய்துகொண்டிருந்தோம்? மரச்சீனிக் கிழங்கு திருடிக்கொண்டிருந்தோம். அதுவும் ஒருவகையில் அதே கொள்கைதான்.

இந்தக் கார்ப்போகிரட்டஸ் வழியில் மார்செல்லினா என்ற பெண் ரோமுக்கு வந்து பலரைத் தன் பக்கம் இழுத்தாள் என்று இரேனியஸ் எழுதுகிறார். இயேசுவின் உருவத்தோடு பிதாகரஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் உருவங்களையும் வரிசையாக வைத்து முடிசூட்டுவார்களாம். நம் ஊர்ச் சலூனில் எல்லாச் சாமிப் படங்களோடும் தலைவர் படங்களையும் மாட்டி மாலை போடுவது கண்முன் வருகிறது. தங்களை ஞானவாதிகள் என்று தாங்களே சொல்லிக்கொண்டதாக அவர் குறிப்பிடுகிறவர்களில் இவர்களும் உண்டு. மற்றப் பெயர்கள் பல, பாம்புக்காரர்கள், காயீன் கட்சிக்காரர்கள் என்பதுபோல, வெளியிலிருந்து ஒட்டிய சீட்டுகளாகவே எனக்குப் படுகின்றன. எல்லாரையும் மூட்டை கட்டும் ‘ஞானவாதம்’ என்ற பொதுச்சொல்லின் ஆங்கில வடிவமோ மிகப் பிந்தியது. 1669-இல் ஹென்றி மோர் என்ற இங்கிலாந்துக்காரர் புழக்கத்தில் விட்டது.

சரி, எதிர்க்கட்சிப் பேரேட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிறாயா? மூலச் சீட்டுகள் கிடைத்திருக்கின்றன. 1945-இல் மேல் எகிப்தில் நாக் ஹம்மாதி ஊருக்கு அருகே ஒரு ஜாடியில் அகப்பட்ட சுவடிகளை நீயும் கேள்விப்பட்டிருப்பாய். பதின்மூன்று கட்டுகள், ஐம்பத்திரண்டு நூல்கள், கிரேக்கத்திலிருந்து எகிப்தின் பழைய கோப்த்து மொழிக்குப் பெயர்த்தவை. நான் அங்கேதான் ஒரு வாரம் குடியிருந்தேன். ஏதோ ஒரு கட்சியின் நூலகம் என்று நினைத்துத் திறந்தால், அப்படி இல்லை. ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத நூல்கள் ஒரே அட்டைக்குள் கிடக்கின்றன. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலிலிருந்து ஒரு துண்டுகூட உள்ளே இருக்கிறது, மொழிபெயர்ப்பு அவ்வளவு மோசம் என்பதால் அது என்னவென்றே முதலில் தெரியவில்லை. நம் வீட்டுப் பரணில் பைபிள் பக்கத்தில் பஞ்சாங்கமும் சமையல் குறிப்பும் கிடப்பதைப் பார்த்து எவனாவது ‘இந்த வீட்டு மதம்’ என்று எழுதினால் எப்படியிருக்கும்?

அதில் யோவான் பெயரில் ஒரு மறைநூல். சிங்க முகமும் பாம்பு உடலும் கொண்ட யால்டபாவோத் என்பவன் உலகத்தைப் படைத்துவிட்டு, “நான் பொறாமையுள்ள கடவுள், என்னைத் தவிர வேறு கடவுள் இல்லை” என்று முழங்குகிறான். உடனே நூல் கேட்கிறது: வேறு யாரும் இல்லையென்றால் யார்மேல் பொறாமை? வாத்தியாரே, தணிக்கைத் துறையில் இதைவிடக் கூர்மையான ஆட்சேபக் குறிப்பை நான் பார்த்ததில்லை. இதை நீ உன் போதகரிடம் சொல்லிவிடாதே.

ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது நாக் ஹம்மாதி அல்ல. எப்பிபேனியஸின் மருந்துப் பெட்டியேதான். வாலண்டினஸ் என்று ஒருவர், எகிப்தில் பிறந்தவர், அலெக்சாந்திரியாவில் படித்து, சுமார் 140-இல் ரோமுக்கு வந்தார். ‘தெய்வ நிறைவு’ என்னும் மேலுலகத்தில் தெய்வப் பிறவிகள் முப்பது பேர், அவர்களில் கடைசியான சோஃபியா எட்டாததை எட்ட ஆசைப்பட்டதால் வந்த வினையே இந்த உலகம் என்பது அவர் வழியினர் சொல்லும் கதை. இந்த வழியினர் தனியாகக் கொடி பிடிக்கவில்லை. மற்றவர்களோடு ஒரே சபையில் உட்கார்ந்து அதே விசுவாச அறிக்கையைச் சொன்னார்கள். எங்களைப் போலவே பேசுகிறார்கள், நினைப்பது மட்டும் வேறு என்பதுதான் இரேனியஸின் பெரிய மனக்குறை. அந்த வழியில் வந்த தாலமி என்பவர் புளோரா என்ற பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை எப்பிபேனியஸ் மறுப்பதற்காக முழுதாகப் படியெடுத்துத் தன் நூலில் சேர்த்துவிட்டார். எதிரியின் பேரேட்டில் பின் குத்தி வைத்த அசல் வவுச்சர்!

“என் அன்புச் சகோதரி புளோரா” என்கிறார். மோசேயின் சட்டம் யாரிடமிருந்து வந்தது என்பது கேள்வி. சிலர் பிதாவிடமிருந்து என்கிறார்கள், சிலர் பிசாசிடமிருந்து என்கிறார்கள், இரண்டும் தவறு என்று தொடங்கி, சட்டத்தையே பிரிக்கிறார்: கொஞ்சம் கடவுளுடையது, கொஞ்சம் மோசே தானாகச் சேர்த்தது, கொஞ்சம் பெரியவர்கள் நுழைத்தது. ஒவ்வொன்றுக்கும் இயேசுவின் சொல்லையே சான்று காட்டுகிறார். சட்டம் தந்தவர் முழுமையான பிதாவும் அல்ல, தீயவனும் அல்ல, நடுவில் நிற்கும் நீதிமான் என்று முடிக்கிறார். காளானும் இல்லை, பாம்பும் இல்லை, சுரைக்காயும் இல்லை. நல்ல மண்ணில் விழுந்த விதைபோல இது உன்னிடம் பலன் தரும் என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். எண்பதில் ஓர் எண்ணாக நின்றவருக்குத் திடீரென்று குரல் வந்ததுபோல இருந்தது எனக்கு. புளோரா என்ன பதில் எழுதினாளோ, அது யார் பெட்டியிலும் சிக்கவில்லை.

தனி மதமே நிறுவிய மானி பற்றி எழுதினால் இன்னொரு கடிதம் வேண்டும். 216-இல் பாபிலோன் நாட்டில் பிறந்தவர், இந்தியாவுக்கும் வந்து போனவர், அவர் மதம் சீனம் வரை போனது, பின்னாளில் கிறிஸ்தவ ஆயரான அகுஸ்தீன் ஒன்பது வருடம் அதில் இருந்தார். இப்போதைக்கு இது போதும்.

போன கடிதத்தில் சின்னவன் சிட்னியிலிருந்து சொன்னதாக ஒன்று எழுதினேனே, அதுதான் இவ்வளவுக்கும் மூலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்ரித் பக்கம் நெப்பியன் ஆற்றங்கரையில் வெள்ளை உடுத்திய குடும்பங்கள் ஓடும் நீரில் முழுக்குப் பெறுவதைப் பார்த்தானாம். மாண்டேயர்கள், இன்றும் மிஞ்சியிருக்கும் ஞானவாதக் கூட்டம். ஈராக்கின் தென்பகுதியும் ஈரானின் எல்லையும் பூர்வீகம், பரம்பரையாக வெள்ளி வேலை செய்தவர்கள் நிறைய. ‘மண்டா’ என்றால் அவர்களுடைய அரமேய மொழியில் அறிவு. யோவான் ஸ்நானகனைப் போற்றுவார்கள், இயேசுவை ஏற்கமாட்டார்கள். வெளியாரைச் சேர்த்துக்கொள்வதும் இல்லை. எந்த ஓடும் நீரும் அவர்களுக்கு யோர்தான்தான். அவர்களுடைய வேதமான ‘கின்ஸா’வில் இரண்டு பாகம், ஒன்றைத் தலைகீழாகத் திருப்பித்தான் கட்டியிருப்பார்கள், இடப்பாகம் இறந்தவரின் ஆன்மா போகும் பாதைக்கு. 2003 போருக்குப் பிறகு பெரும்பாலானோர் ஈராக்கை விட்டுச் சிதறினார்கள். ஒரு பெரியவர் இவனைப் பார்த்துத் தலையசைத்தாராம். போய்ப் பேசினாயா என்றேன், கூச்சமாக இருந்தது என்கிறான். என் பிள்ளைதானே.

ஆகவே பட்டியல் இல்லை. அதற்குப் பதிலாகப் புளோரா கடிதத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதிப் பார்த்தேன். பாதி இத்துடன் இருக்கிறது. பைபிள் வசனங்கள் வரும் இடங்களில் பழைய மொழிபெயர்ப்போடு ஒத்திருக்கிறதா என்று சிவப்பு மையால் திருத்தி அனுப்பு. மறுபாதி இடது கண்ணுக்கும் தேதி வாங்குவதற்குள் முடித்துவிடுவேன்.

வாழ்வுச் சான்றிதழ் நவம்பரில் கொடுக்க மறக்காதே. போன தடவை மறந்து மூன்று மாதம் ஓய்வூதியம் நின்றது யாருக்கு என்று நான் சொல்லவேண்டியதில்லை.

உன்
கணக்கன்