புது மருந்து வந்தாச்சு, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொற்றுநோய்க்குப் புதிய மருந்து கண்டுபிடிப்பு என்றால் பெரிய தலைப்பில் போடுகிறீர்கள், நல்லது. ஆனால் அந்த மருந்து அப்புறம் என்ன ஆனது என்று ஒரு செய்தியும் வருவதில்லையே, அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். 2015 ஜனவரியில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து டெய்க்ஸோபாக்டின் என்ற ஆன்டிபயாடிக் கிடைத்ததாக உலகம் முழுக்கச் செய்தி. 2020 பிப்ரவரியில், செயற்கை நுண்ணறிவு ஹாலிசின் என்ற ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்ததாகச் செய்தி. இரண்டுமே எலிகளிடம் நன்றாக வேலை செய்தன. இன்றுவரை எந்த டாக்டரும் இரண்டில் ஒன்றைக்கூட சீட்டில் எழுதித் தர முடியாது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. முதலில் ஆரோக்கியமான சிலரிடம் பாதுகாப்பைப் பார்த்து, பிறகு நோயாளிகளிடம் எவ்வளவு கொடுப்பது என்று பார்த்து, பிறகு நூற்றுக்கணக்கானவர்களிடம் பலனைப் பார்த்து முடிக்கப் பத்து ஆண்டுகள் கூட ஆகும். இது தெரியாமல், தொற்று முற்றி ஐசியூவில் கிடப்பவரின் குடும்பம் அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு எவ்வளவு நம்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எல்லாச் சோதனையும் தாண்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அதுவும் இல்லை. அகாவோஜென் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிளாசோமைசின் மருந்துக்கு 2018 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது. மற்ற மருந்துகளுக்கு மசியாத சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கான மருந்து. 2019 ஏப்ரலில் அந்த நிறுவனம் திவால். மருந்தில் கோளாறு இல்லை. புது ஆன்டிபயாடிக்கை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தால் கிருமி அதற்கும் பழகிவிடும் என்பதால் நல்ல டாக்டர்கள் அதைக் கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைக்கிறார்கள், வைக்கவும் வேண்டும், அப்படி வைத்தால் விற்பனை இல்லை, விற்பனை இல்லையென்றால் செய்தவன் கடனில் மூழ்குகிறான். மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட மருந்துகளைச் சந்தையின் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருப்பது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. பிரிட்டன் 2022இல் வேறு வழியை எடுத்தது. இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எத்தனை டோஸ் செலவானாலும் சரி, ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வரை நிலையான தொகை தருவதாக ஒப்பந்தம் போட்டது. மற்ற நாடுகளும் இதைச் செய்யலாம்.

காசநோயில் நடந்ததையும் சொல்ல வேண்டும், அதில் நம்பிக்கை இருக்கிறது. பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய் என்றால் முன்பெல்லாம் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மாத்திரை, கூடவே மாதக்கணக்கில் ஊசி, அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் நிறையப் பேர். பிரெட்டோமானிட் என்ற மருந்தை லாப நோக்கமில்லாத டிபி அலையன்ஸ் என்ற அமைப்பு 2002இல் கையில் எடுத்தது, ஒப்புதல் வந்தது 2019இல். பெடாகுயிலின், லினசோலிட் என்ற இரண்டு மருந்துகளோடும் சேர்த்து அதை ஆறு மாதம் கொடுத்தபோது, தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனையில் 109 பேரில் சுமார் 90 சதவீதம் பேருக்கு நல்ல பலன். சோதனை நடத்தியவர்கள் அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். லினசோலிட்டால் பலருக்குக் கை கால் நரம்புகள் பாதித்து மரத்துப்போனதால், தினமும் கொடுத்த 1200 மில்லிகிராமைப் பாதியாகக் குறைத்தால் என்ன என்று இன்னொரு சோதனை நடத்தினார்கள். பலன் குறையவில்லை, நரம்புப் பாதிப்பு குறைந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் குறைந்த அளவையே பரிந்துரைத்தது. இருக்கிற மருந்தின் அளவைச் சரி செய்வது யாருக்கும் பரபரப்பான செய்தி இல்லை, நோயாளிக்கு அதுதான் பெரிய செய்தி.

அதனால் ஒரு வேண்டுகோள். இனி புது மருந்து பற்றி எழுதும்போது, சோதனை எலியிடம் நிற்கிறதா மனிதரிடம் வந்துவிட்டதா, எத்தனை பேரிடம் பார்த்தார்கள், பணம் யார் போடுகிறார்கள் என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள். போன ஆண்டு நீங்கள் கொண்டாடி எழுதிய மருந்துகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆண்டுக்கு ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்குங்கள், நின்றுபோனவற்றையும் விடாமல் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்