அரிசோனாவுக்கு மாநில அந்தஸ்து கிடைத்த கதை

அன்பு மகளுக்கு,

பிப்ரவரி 14 அரிசோனா மாநிலம் பிறந்த நாளும்கூட என்று உங்கள் ஆபீஸில் கேக் வெட்டினார்களாமே. அமெரிக்கா 1776-இல் பிறந்திருக்க, இது மட்டும் ஏன் 1912 என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற கதையில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் புதுச்சேரிக்காரனிடம் மாநில அந்தஸ்து பற்றிக் கேட்டால் சும்மா விடுவேனா?

1787-இல் ஒஹாயோ ஆற்றுக்கு வடமேற்கே கிடந்த நிலத்துக்காக ஒரு சட்டம் போட்டார்கள். முதலில் அது டெரிட்டரி, அதாவது இன்னும் மாநிலமாகாத பகுதி, கவர்னரும் நீதிபதிகளும் மேலிருந்து நியமனம். வயதுவந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்தால் சட்டமன்றம், சுதந்திர மக்கள் 60,000 பேர் ஆனால் மாநிலம். கடைசியாக வருகிற மாநிலத்துக்கும் முதல் 13 மாநிலங்களுக்கும் சரிசமமான இடம் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள் பார், அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த நிலத்திலிருந்து முதலில் மாநிலமானது ஒஹாயோ, 1803-இல். ஆனால் அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பழங்குடிகளிடம் யார் கேட்டார்கள்? உங்கள் அரிசோனாவிலேயே அவர்களுக்கு ஓட்டுரிமை 1948-இல்தான், அதுவும் கோர்ட்டுக்குப் போய்க் கிடைத்தது.

சரி, 60,000 என்பதெல்லாம் ஏட்டுக் கணக்கு. நெவாடாவைப் பார். 1870 கணக்கெடுப்பில்கூட அங்கே 43,000 பேர் இல்லை, ஆனால் 1864-லேயே மாநிலமாகிவிட்டது, ஏனென்றால் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, லிங்கன் கட்சிக்கு ஆதரவு தேவைப்பட்டது. தபாலில் அனுப்பினால் நேரமாகும் என்று அரசியல் சாசனம் முழுவதையும், பதினாறாயிரம் சொற்களுக்கு மேல், தந்தியில் அடித்தார்கள். அக்டோபர் 31 மாநிலம், எட்டாம் நாள் தேர்தல்!

அரிசோனா 1863-இல் டெரிட்டரி ஆனது. 1910-இல் இரண்டு லட்சம் பேருக்கு மேல் இருந்தும் மாநிலமாகவில்லை. அங்கே ஜனநாயகக் கட்சிக்குச் செல்வாக்கு, புது மாநிலம் என்றால் அந்தக் கட்சிக்கு செனட்டில் இரண்டு இடம் கூடும், குடியரசுக் கட்சிக்காரர்கள் விடுவார்களா? நியூ மெக்சிகோவோடு சேர்ந்து ஒரே மாநிலமாக வாருங்கள் என்றார்கள். 1906-இல் ஓட்டெடுப்பு வைத்தபோது நியூ மெக்சிகோ சரி என்றது, அரிசோனாவில் ஐந்தில் நாலு பேருக்கு மேல் முடியாது என்றார்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் பெரும்பான்மையாகிவிடுவார்களே என்ற பயமும் அதில் உண்டு, அதை மறைக்க வேண்டாம்.

அப்புறம் 1910-இல் வழி பிறந்தது. சாசனம் எழுதினார்கள், அதில் நீதிபதிகளையும் மக்களே ஓட்டுப் போட்டுப் பதவியிறக்கலாம் என்று ஒரு பிரிவு. ஜனாதிபதி டாஃப்ட் முன்னாள் நீதிபதி, அவருக்கு இது பொறுக்குமா? 1911 ஆகஸ்டில் வீட்டோ போட்டார். இவர்களும் பதில் பேசாமல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, 1912 பிப்ரவரி 14-இல் கையெழுத்து வாங்கினார்கள். அதே வருஷம் நவம்பரில் மறுபடி ஓட்டெடுப்பு, எடுத்ததைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மாநிலமான பிறகு யாரும் கை வைக்க முடியாது இல்லையா, பழைய 13-க்குச் சமம் ஆயிற்றே! இந்தக் குறும்பைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நம் ஊர் சட்டமன்றமும் எத்தனை தீர்மானம் போட்டாயிற்று, டில்லி அசையவில்லை. இங்கே மக்கள்தொகைக் கணக்கு என்று ஏட்டிலாவது ஒன்று கிடையாது, நம் அரசியல் சாசனத்தின் மூன்றாவது பிரிவுப்படி நாடாளுமன்றம் மனம் வைத்தால்தான் உண்டு.

ஃபீனிக்ஸில் செம்புக் கூரையோடு பழைய சட்டமன்றக் கட்டடம் ஒன்று இருக்கிறது, நாங்கள் மாநிலத்துக்குத் தயார் என்று காட்டுவதற்காகவே டெரிட்டரி காலத்தில் கட்டியது. இப்போது மியூசியம். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையோடு போய்ப் பார்த்துவிட்டு எழுது, போட்டோவும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா