‘உள்ளூர் ஆள்’ என்று ஒரு பெயர் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மலைப் பறவைகள் பயணக் கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். படங்கள் அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருந்தது: “உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டோம், பறவையின் பெயரைச் சொல்லத்தான் கைபேசி இருக்கிறதே!” அங்கேயே இதழை மூடி வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படிக்க முடிந்தது.

கட்டுரையில் ஏகப்பட்ட பறவைகளின் பெயர் இருக்கிறது. கேமராவின் பெயர் இருக்கிறது, லென்ஸின் அளவு இருக்கிறது, ஏறிப்போன வண்டியின் பெயர்கூட இருக்கிறது. இத்தனையையும் காட்டிக்கொடுத்த மனிதரின் பெயர் மட்டும் இல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய கை தெரிகிறது. கிளையைச் சுட்டும் கை. அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த இடம்.

நான் பத்தொன்பது வருடங்களாகப் பறவை பார்க்கப் போகிறவள். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் கைபேசிச் செயலி என்னிடமும் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2021இல் அதில் ஒலியைக் கேட்டே பறவையைச் சொல்லும் வசதியைச் சேர்த்தபோது முதலில் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அதைத் திட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் ஒருநாள் காலை மலைக்காட்டில் அது வல்லூறு என்று காட்ட, நாங்கள் ஐந்து பேரும் பைனாகுலரை வானத்துக்குத் தூக்கினோம். எங்கள் வழிகாட்டி மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. “அது கரிச்சான்மா, கேலி பண்ணுது” என்றார். கொஞ்ச நேரத்தில் துடுப்புவால் கரிச்சான் ஒன்று இரண்டு நீள வால் நுனிகளும் ஆட வெளியே வந்து உட்கார்ந்தது. பிற பறவைகளின் குரலை அது அப்படியே எடுத்துக்காட்டும் என்பது பாடத்தில் நான் நடத்தியதுதான். காட்டில் அந்த நொடியில் அதைச் சொல்ல அவர்தான் வேண்டியிருந்தது. அந்தச் செயலிக்குப் பாடமாக இருப்பதே, யாரோ காட்டில் கால் கடுக்க நின்று பதிவு செய்த ஒலிகள்தானே?

இன்னொன்று. மலைக்காட்டில் அரைமணி நேரம் நடந்தாலும் சில சமயம் ஒரு பறவையும் தெரியாது. பிறகு திடீரென்று பத்துப் பதினைந்து வகைப் பறவைகள் ஒன்றாக இரை தேடிக்கொண்டே வந்து, மூன்று நான்கு நிமிடங்களில் நம்மைக் கடந்துவிடும். தரையோரம் ஒன்று, நடுக்கிளையில் ஒன்று, உச்சியில் ஒன்று என்று ஒரே நேரத்தில் எதைப் பார்ப்பது? அந்தக் கூட்டம் எந்தப் பக்கமிருந்து வரும், எங்கே நின்றால் வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும் என்று முன்கூட்டியே நிறுத்தி வைப்பவர்தான் வழிகாட்டி. பகலில் காய்ந்த இலைபோல ஒட்டி உட்கார்ந்திருக்கும் தவளைவாயன் என்ற பறவையின் ஜோடியை எனக்கு ஒருவர் காட்டியபோது, கைநீட்டும் தூரத்தில் இருந்தும் என் கண்ணுக்குப் பிடிபட நெடுநேரம் ஆயிற்று. அது சத்தமே போடவில்லை. எந்தக் கைபேசி அதைச் சொல்லியிருக்கும்?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. அருணாச்சலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் மலைக்காட்டில் கிடைத்த புதிய பறவையை வானியலாளரும் பறவை ஆர்வலருமான ரமணா ஆத்ரேயா 2006இல் உலகுக்கு அறிவித்தபோது, ஒரு பறவையைக்கூடக் கொல்லாமல், இறகுகளையும் படங்களையும் வைத்தே செய்தார். அதற்குப் புகுன் லியோசிச்லா என்று அங்கே வாழும் புகுன் மக்களின் பெயரையே வைத்தார். அந்த மக்கள் பின்னால் தங்கள் காட்டின் ஒரு பகுதியையே அதற்காகக் காப்புக்காடாக்கினார்கள். ஈக்வடாரில் ஆங்கெல் பாஸ் என்ற விவசாயி, யார் கண்ணிலும் எளிதில் படாத பெரிய ஆன்ட்பிட்டா என்ற காட்டுப் பறவையை மண்புழு போட்டுப் பழக்கி மரியா என்று கூப்பிட்டார். பறவை பார்க்கிறவர்கள் உலகெங்கும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். உங்கள் கட்டுரையாளருக்கு மட்டும் ஒரு பெயர் கேட்டு எழுதிக்கொள்ள முடியவில்லை.

இந்த வரி என்னை இவ்வளவு சுட்டதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவோடு போயிருந்தேன். கூடு கட்டும் காலம். வந்தவர்களில் ஒருவர் பறவையின் குரலை ஸ்பீக்கரில் போட்டு வெளியே இழுக்கச் சொன்னார். வழிகாட்டி, “இப்ப வேண்டாம் சார், வேற ஆண் வந்துடுச்சுன்னு நெனச்சு முட்டையை விட்டுட்டு வந்து அலையும்” என்று இரண்டு முறை பணிவாகச் சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது வண்டியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் அதன்பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. விருந்தினரை மதிக்கத் தெரியாதவர் என்று சொன்னார்களாம். நான் அன்று வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னது சரி என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன். இந்தக் கடிதத்தை எழுத வைப்பதே அதுதான். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை.

அப்புறம் உங்கள் கட்டுரையில் இன்னொரு தவறும் நடந்திருக்கிறது. கூட்டில் குஞ்சோடு இருக்கும் பறவையின் படத்தைப் போட்டு, எந்த வளைவு தாண்டி, எந்த மரம் என்று அடையாளமும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வழிகாட்டி அந்த இடத்தை நம்பிக் காட்டியிருப்பார். ஆட்கள் வரவர அந்தக் கூட்டைக் கைவிட்டுப் பறவைகள் போய்விட்டால், அடுத்த வருடம் அங்கே வெறும் மரத்தின் முன் நிற்கப்போவது அவர்தான். இரண்டு வருடம் முன்பும் இப்படி ஒரு கட்டுரை வந்தபோது எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கலாம். நான் இதழை நிறுத்தவில்லை.

நான் கேட்பது இரண்டே விஷயம். அடுத்த இதழில் அந்த வழிகாட்டியிடம் அனுமதி வாங்கி அவர் பெயரை ஒரு வரியில் போடுங்கள். இணையத்தில் இருக்கும் கட்டுரையிலிருந்து கூட்டின் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். கூட்டில் குஞ்சுகள் இன்னும் இருக்கும் என்பதால் இரண்டாவதை முதலில் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி