நேற்று நான் ஏன் போனை எடுக்கவில்லை

கண்ணா,

நேற்று நீ ஏழு முறை கூப்பிட்டிருக்கிறாய். இன்று காலை போனை ஆன் செய்ததும் ஏழும் வரிசையாக வந்து நின்றன. கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, இன்னைக்கு ஒரு நாள் யார்கிட்டயும் பேசலையாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் உனக்கு மூச்சு வந்திருக்கும். உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் "எதுக்கும்மா? உடம்புக்கு என்ன?" என்று கேட்பாய், பதில் சொல்லப் போய் நானே மனம் மாறிவிடுவேன் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது தப்பு. காலையில் போனில் விவரமாகப் பேச வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் டிவி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. உனக்கு அது தெரியாது. நீ கூப்பிடும்போது மட்டும் சத்தத்தைக் குறைப்பேன். பார்ப்பதற்காக இல்லை, வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக. தூங்கும்போதும் ஓடும். போன வாரம் ஒரு ராத்திரி மின்சாரம் போய் டிவி அணைந்தது. எனக்கு உடம்பெல்லாம் படபடவென்று வந்துவிட்டது. என் சொந்த வீட்டின் அமைதிக்கே இப்படிப் பயந்து உட்கார்ந்திருக்கிறேனே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இதைச் சும்மா விடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு டிவி பிளக்கைப் பிடுங்கினேன். போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். பேசுவதில்லை, படிப்பதில்லை, வெளியே போவதில்லை. கதவில் ஒரு சீட்டு ஒட்டி, சாவி ஒன்றை அக்காவிடம் கொடுத்து, அவசரமென்றால் தட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பட்ட பாட்டை எப்படி எழுதுவது? போன் இருக்கும் அலமாரி வரை நாலு தடவை போய்விட்டேன். எடுக்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, கால் தானாகப் போகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். ஆட்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வைத்தார்கள். கையில் எதுவும் கிடையாது, அழுத்தினால் ஷாக் அடிக்கும் ஒரு பொத்தான் மட்டும் உண்டு. காசு கொடுத்தாவது இந்த ஷாக்கைத் தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். இருந்தும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர், சும்மா இருக்க முடியாமல் தாங்களே அழுத்திக்கொண்டார்கள். படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. நேற்று பத்து மணிக்கு நம்பினேன்.

வாயை மூடினால் அமைதி வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வாயை மூடிய பிறகுதான் உள்ளே இருக்கிற பேச்சு கேட்கிறது. எப்போதோ ஒரு சக ஆசிரியை என்னைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லுக்கு நேற்று அரை மணி நேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இறந்தே பல வருடம் ஆகிறது. உன் அப்பாவிடமும் பேசினேன். அதை எழுதவில்லை, அது எங்களுக்குள் இருக்கட்டும்.

மதியம் சாப்பிட்டு, படுத்து எழுந்தேன். மூன்று மணி இருக்கும். உட்கார்ந்திருந்தபோது ஃபிரிட்ஜின் ரீங்காரம் சட்டென்று நின்றது. அது ஓடிக்கொண்டிருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது. மனசுக்குள்ளும் அதே மாதிரி ஏதோ ஒன்று நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. பயமே இல்லை, கண்ணா. நாற்காலி இருந்தது, ஜன்னல் வெளிச்சம் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது, நான் இருந்தேன். அப்பா போன பிறகு இந்த வீட்டில் நான் முழுசாக இருந்த முதல் மணி நேரம் அதுதான்.

அப்போதுதான் உன் நினைப்பு வந்தது. நான் இந்தக் கடிதம் எழுதுவதே இதற்காகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசினோமே. "வேலை எப்படிப்பா போகுது?" என்று கேட்டேன். நீ "ம்… போகுதும்மா" என்றாய். அதற்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டாய். நீ மூச்சை உள்ளே இழுத்தது கூட எனக்குக் கேட்டது. ஏதோ சொல்ல வந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பத்து நிமிடம் பேசினேன். "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த மூச்சு நேற்று மூன்று மணிக்கு அப்படியே திரும்பி வந்தது. அது மட்டுமல்ல, அதற்கு முன்னால் நீ விட்ட எத்தனையோ இடைவெளிகளும் சேர்ந்து வந்தன.

முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். வருடா வருடம் ஒலிப் பாடத்துக்கு ஒரு சோதனை செய்து காட்டுவேன். கண்ணாடி ஜாடிக்குள் மின்மணியைத் தொங்கவிட்டு, பம்பு வைத்துக் காற்றை வெளியே எடுப்போம். சுத்தியல் மணியில் அடிப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். "மணி நின்னு போச்சா?" என்று கேட்பேன். "இல்ல டீச்சர், நடுவுல காத்து இல்ல" என்று பிள்ளைகள் கத்துவார்கள். நீயும் நானும் பேசும்போது அந்தக் காற்றை எடுத்துவிடுவது நான்தான். நீ அடித்துக்கொண்டேதான் இருக்கிறாய்.

காந்தி திங்கட்கிழமைகளில் பேச மாட்டார், தெரியுமல்லவா? 1947 ஜூன் 2-ஆம் தேதியும் திங்கட்கிழமை. பிரிவினைத் திட்டத்தைச் சொல்ல மவுண்ட்பேட்டன் அவரைச் சந்தித்த நாள். நாடே இரண்டாகப் போகிறது, அவர் பேசாமல், பழைய உறைகளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். தன் மௌன விரதத்துக்கு இரண்டு விலக்கு உண்டு என்றும் அதிலேயே எழுதியிருந்தார். ஒன்று, பெரிய பொறுப்பில் இருப்பவர்களிடம் அவசர விஷயம் பேசுவது. மற்றொன்று, நோயாளியைக் கவனிப்பது. அந்த இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. மௌனத்தைவிடப் பெரிதாக அவர் ஒன்றை வைத்திருந்தார், பார்.

எனக்கும் ஒரு விலக்கு உண்டு. அது நீ. மாதத்தில் ஒரு நாள் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த நாள் என்று முன்பே உனக்குச் சொல்லிவிடுவேன். அன்றைக்கு நான் வேண்டுமென்றால் அக்காவிடம் சொல், கதவைத் தட்டுவார். எந்த நேரமானாலும் பேசுவேன்.

டிவி பிளக்கை இன்னும் மாட்டவில்லை. ராத்திரி எப்படியோ தெரியாது. முடியவில்லை என்றால் மாட்டிக்கொள்வேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

வேலையில் என்ன நடக்கிறது என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல கூப்பிடு. உனக்குச் சொல்லத் தோன்றினால் சொல், தோன்றாவிட்டால் வேண்டாம். நடுவில் நீ பேச்சை நிறுத்தினால் நானும் ஒன்றும் பேசாமல் இருப்பேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. இந்தப் பக்கம் நான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா