வகுப்பறையில் தெரியும் மாற்றத்தைத் தேதியிட்டு எழுதுங்கள்

நீலகிரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

மனம் அளவுமீறித் துள்ளும் எழுச்சி நிலையும், துவண்டுபோகும் சோர்வு நிலையும் விட்டுவிட்டு வரும் நோய்தான் பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு. இது பூப்புக்கு முன் அரிது. பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இளமையின் தொடக்கத்திலோதான் தலைகாட்டுகிறது. ஆகவே, காலையில் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாய்ந்து வீடு திரும்பும் பெற்றோரைவிட அதை முதலில் காணும் வாய்ப்பு உங்கள் ஆசிரியர்களுக்கே அதிகம்.

ஆண்டு முழுதும் துறுதுறுவென்றிருக்கும் பிள்ளையையும், எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கும் பிள்ளையையும் இந்நோயோடு சேர்த்துவிடக் கூடாது. அவர்களுக்கு வேறு உதவி தேவைப்படலாம், அல்லது எதுவுமே தேவைப்படாமலும் இருக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு பிள்ளை தன் சொந்த இயல்பிலிருந்து விலகி, சில நாட்களோ வாரங்களோ வேறொருவராக இருந்துவிட்டு மீள்வதைத்தான். எழுச்சி நிலை என்று மருத்துவர்கள் கொள்ள, அது பொதுவாக ஒரு வாரமாவது நாளின் பெரும்பகுதி நீடிக்க வேண்டும். அந்நாட்களில் பேச்சு நிற்காது, எண்ணங்கள் ஒன்றை ஒன்று முந்தும், தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்ற நினைப்பு மேலோங்கும், தட்டிக் கேட்டால் கோபம் வெடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான தடயம் தூக்கம்: இரவில் மூன்று மணி நேரமே உறங்கிய பிள்ளை மறுநாள் களைப்பின் சுவடே இல்லாமல் வளையவரும். இதை ஆசிரியர் பார்க்க முடியாது. விடுதிக் காப்பாளர் பார்க்கலாம். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வேறு துறையின் கீழ் வருவன என்றாலும், இதுபற்றி ஆசிரியர்களுக்குத் தரும் பயிற்சிக்கு அவற்றின் காப்பாளர்களையும் அழைக்க வேண்டுகிறேன்.

சோர்வு நிலையோ எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை 'அமைதியாகிவிட்டான்' என்று பாராட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ மலைப்பாதையில் உதகைக்குப் போய்ச் சேரும் குடும்பம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் மருத்துவரைப் பார்க்கிறது. முன்பு எழுச்சி நிலை இருந்ததை யாரும் சொல்லாவிட்டால், மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் தரப்படலாம். அது சில பிள்ளைகளை எழுச்சி நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். எனவே வகுப்பாசிரியர் தேதியிட்டு எழுதிய நான்கு வரி, மருத்துவருக்கு வேறெங்கும் கிடைக்காத சான்று. 'திமிர்', 'காத்துக் கருப்பு' போன்ற தீர்ப்புகள் அதில் வேண்டாம். கண்டதும் கேட்டதும் போதும். நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவரின் வேலை.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும் என்பதால், வீட்டாரிடம் அதைத் தனியாக, கனிவாகக் கேட்கலாம். சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையின் விஷயத்தில் குறிப்பெழுதிக் காத்திருக்காமல், தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரவு பகலாக இயங்கும் அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416 எல்லாப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையிலும் இருக்கட்டும்.

இக்குறிப்புகள் தலைமையாசிரியரிடம் பூட்டிய அலமாரியில் இருக்கவும், மாற்றுச் சான்றிதழிலோ நன்னடத்தைச் சான்றிதழிலோ அவற்றின் சாயல்கூடப் படியாதிருக்கவும் எழுத்துவழி ஆணை பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு பெற்றோர்