மகளுக்கு, திருகோணமலை உப்புவெளியிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

மிளகாய்த்தூள் பொதி வந்து சேர்ந்ததா என்று நீ இன்னும் சொல்லவில்லை. சேர்ந்திருந்தால் ஒரு வரி எழுது, சேராவிட்டாலும் எழுது. அங்கே நிலம் இப்போது பனியில் இறுகியிருக்கும். ஆணி வைத்த அந்தச் சப்பாத்தைப் போடாமல் வெளியே இறங்காதே. இரவு நெடுநேரம் ஆய்வுகூடத்தில் இருக்காதே. எலி பகலில் ஓடிய வழியை, அது நித்திரை கொள்ளும்போது அதன் மூளை மறுபடி ஓடிப்பார்க்கிறது என்று 1994இல் கண்டுபிடித்த கதையை நீதான் எனக்குச் சொன்னாய். எலிக்கு வேண்டியது உனக்கும் வேண்டும். நித்திரையைக் கெடுக்காதே.

இங்கே வாடைக் காற்று தொடங்கிவிட்டது. சல்லிப் பக்கம் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன, மீன் விலை கேட்கவே முடியவில்லை. அண்ணன் மாதம் ஒரு தடவை வந்து போகிறான். வேறு புதினம் இல்லை.

மூளை வழியை எப்படி அறிகிறது என்று நீ அனுப்பிய கட்டுரைகளை வாசித்து முடித்துவிட்டேன். நில அளவையாளனாக வாழ்நாளைக் கழித்தவனுக்கு அவை அந்நியமாகத் தோன்றவில்லை. லண்டனில் ஜோன் ஓ'கீஃப் 1971இல் கண்டது என்ன? எலி ஒரு மூலைக்குப் போனால் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஒரு நரம்புக்கலம் துடிக்கிறது, வேறு இடத்துக்குப் போனால் வேறொரு கலம். ஆளுக்கொரு இடம் பிரித்துக் கொடுத்ததுபோல. அதை நம்பப் பலர் தயங்கினார்கள் என்று வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு 2005இல் நோர்வேயில், உன் ட்ரொண்ட்ஹைமில், மோசர் தம்பதியர் கண்ட நெய்யரிக் கலங்கள் (grid cells)! ஒரே கலம் பல இடங்களில் துடிக்கிறது, அந்த இடங்களைக் கோடிட்டு இணைத்தால் சமபக்க முக்கோணங்கள். மகளே, கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் சுமந்து காடு மேடெல்லாம் நாங்கள் போட்ட முக்கோண வலையை, ஓர் எலி பிறந்த சில வாரங்களிலேயே தலைக்குள் போட்டு வைத்திருக்கிறது. அன்றிரவு எழுந்து உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். 2014இல் அந்த மூவருக்கும் நோபல் பரிசு என்று வானொலி சொன்னபோது நீ பேராதனையில் படித்துக்கொண்டிருந்தாய். அதே ஊரில் ஒருநாள் என் பிள்ளை வேலை செய்வாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஏகாம்பரம் வீதியில் எந்தக் கடைக்குப் போனாலும் "சர்வேயர் ஐயா, மகள் எப்படி?" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் விளக்கமாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கும் சொன்னேன். இருட்டிலும் அந்தக் கலங்கள் வேலை செய்கின்றன என்றதும் அம்மா, "அதற்கு எலியைப் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டார். உண்மைதான். தொண்ணூறில் சண்டை வந்த அந்த இரவு, விளக்கில்லாமல், அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் நடத்திச் சென்றவர் அம்மா. ஊரையே அளந்த நான் பின்னால் நடந்தேன். எங்கே கிணறு, எங்கே முட்கம்பி, எங்கே மணல் இளகும் என்று அவருடைய காலுக்குத் தெரிந்திருந்தது.

நீ சிவராத்திரிக்கு வந்திருந்தபோது கோணேசர் கோயிலிலிருந்து மூவரும் இறங்கி வந்தோமே, அதைப் பற்றி நாம் ஒன்றுமே பேசவில்லை. கோட்டை வாசல் தாண்டியதும் அம்மா டச்சுக் குடாப் பக்கம் திரும்பினார். நான் கூப்பிட வாயெடுத்தேன். நீ கையைக் காட்டி என்னை நிறுத்தினாய். கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்துவிட்டு, "அம்மா, நம் வீடு எந்தப் பக்கம் என்று கையால் காட்டுங்கள் பார்ப்போம்" என்று விளையாட்டாகக் கேட்டாய். அம்மா சிரித்துக்கொண்டே கடலைக் காட்டினார். நீயும் சிரித்தாய். அதன்பிறகு நீ இரவு ரயில் ஏறும்வரை உன் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை.

அந்த இடத்தில் இரண்டு பக்கமும் கடல். கூட்டம் வேறு, இரவெல்லாம் விழித்த களைப்பு வேறு. யாருக்கும் திசை தடுமாறும். அம்மாவின் கண்ணாடியும் பழையது, மாற்றச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் ஆலங்கேணிச் சித்தி வீட்டுக்குப் போகும்போது, "பாதை இந்தக் கரைக்கு வரும்வரை நிற்க வேண்டுமே" என்று ஓட்டோக்காரப் பையனிடம் சொன்னார். கிண்ணியாவில் பாலம் 2009இலேயே வந்துவிட்டது. அதற்கு முன் எத்தனை வருடம் நாங்கள் பாதை என்ற அந்தக் கடவைப் படகுக்காக வெயிலில் நின்றோம்! அந்தப் பழக்கம் போகவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையன் ஒன்றும் நினைக்கவில்லை.

ஹென்றி மொலைசனைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, 1953இல் ஹிப்போகேம்பஸை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தார்களே, அவர். புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத அந்த மனிதர், சத்திரசிகிச்சைக்குப் பின் குடிபோன வீட்டின் அறைகளை வரைந்து காட்டினார் என்ற பகுதியைப் பல தடவை வாசித்தேன். ஒரே வீட்டில் நாள்தோறும் நடந்து நடந்து அது உள்ளே இறங்கியிருக்கிறது. எனக்கு அது பெரிய ஆறுதல். ஒரு நாள் அம்மாவிடம் கடதாசியும் பென்சிலும் கொடுத்து, தம்பலகாமத்து வீட்டை வரையச் சொன்னேன். நெல் அறை, மாட்டுக் கொட்டில், முற்றத்து வேம்பு, கிணற்றடிக் கல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நம் வீட்டை வரையச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களை 2000இல் எலினர் மக்வயர் ஆராய்ந்த கட்டுரை இன்னும் மேசையில்தான் இருக்கிறது. ஏறக்குறைய 25,000 தெருக்களை மனனம் செய்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருக்கிறது, ஓட்டிய ஆண்டுகள் கூடக் கூட அதுவும் கூடுகிறது. அப்படியானால் நடக்க நடக்க வளரும் என்றுதானே பொருள்? ஆகவே மாலையில் அம்மாவை வெவ்வேறு ஒழுங்கைகளால் கூட்டிச் செல்கிறேன். திரும்பும்போது "நீங்கள் முன்னால் போங்கள்" என்கிறேன். சில நாள் நன்றாக வருகிறார். சில நாள் சந்தியில் நின்று என் முகத்தைப் பார்க்கிறார். நானும் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நிற்கிறேன். இது பயன்படுமா, அல்லது அவரைக் களைப்படையத்தான் செய்கிறேனா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நெய்யரிக் கலங்கள் இருக்கும், ஹிப்போகேம்பஸுக்கு அருகிலுள்ள என்டோரைனல் பகுதிதான் அல்சைமர் நோய் முதலில் தொடும் இடங்களில் ஒன்று என்று கட்டுரையின் கடைசியில் இருந்தது. பழகிய ஊரில் வழி தவறுவது அதன் தொடக்க அறிகுறிகளில் ஒன்றாக இருக்கலாம் என்றும் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் அம்மா கண்ணில் படாமல் எடுத்து வைத்திருக்கிறேன். நீ தெரிந்துதான் அதையும் சேர்த்து அனுப்பினாயா?

கேட்க வேண்டாம் என்றுதான் இத்தனை மாதம் இருந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. எலி எங்கே திரும்புகிறது என்று ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நீ. அம்மா எங்கே திரும்பினார் என்பதையும் பார்த்தாய். பார்த்துவிட்டு, வாராவாரம் அம்மாவிடம் மழை பெய்ததா, என்ன கறி என்று கேட்கிறாய். நான் பயந்துவிடுவேன் என்று நினைக்கிறாயா? எல்லை எங்கே என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம், அவர்கள் வளவில் பாதி பறிபோகும் என்றாலும், உள்ளதைச் சொல்லிக் கல் நட்டுவிட்டு வந்தவன் நான். நீயும் எனக்கு அப்படியே சொல்.

வாட்ஸ்அப்பில் எழுதாதே, அம்மா என் தொலைபேசியை எடுத்து வாசிப்பார். சனிக்கிழமை உங்கள் நண்பகலுக்கு எடு. இங்கே அப்போது நாலரை மணி. அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போயிருப்பார், சித்தி கூடப் போவார். இப்போது தனியாக அனுப்புவதில்லை. கொழும்பில் எந்த வகை வைத்தியரைப் பார்க்க வேண்டும், என்ன பரிசோதனைகள் கேட்க வேண்டும் என்று உன் பேராசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள். இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் திகதிவாரியாகக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். சித்திரைக்கு வர முடிந்தால் டிக்கெட்டை இப்போதே பார், பிறகு விலை ஏறிவிடும். காசைப் பற்றி யோசிக்காதே, அண்ணனும் நானும் பார்த்துக்கொள்கிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. நித்திரையைக் கெடுக்காதே.

அன்புடன்,
அப்பா