பிரஷ்ஷில் கை வைத்துவிட்டேன்

அன்பு மகனுக்கு,

தாத்தாவின் சவர பிரஷ்ஷை இருந்தபடியே அனுப்பிவைக்கச் சொல்லி நீ இரண்டு முறை கேட்டாய். இரண்டு முறையும் சரி என்றேன். பிறகு அதன் முடியை ஒட்ட வெட்டி எறிந்துவிட்டேன். பார்சலைப் பிரித்து நீ திடுக்கிடுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேரட்டும்.

முதலில் கழுவ மட்டுமே நினைத்தேன். அடிமுடியில் பழைய சோப்பு சுண்ணாம்பாக இறுகிக் கிடந்தது. உப்புத்தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் அப்படித்தான் படியும். ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான நீர் கலந்து, முடி மட்டும் நனையும்படி ஐந்து நிமிடம் பிடித்தேன். அழுக்கு கரைந்தது, கூடவே முடியும் வந்தது. நாலைந்து இழை உதிர்ந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. இது நடுவிலிருந்து கொத்தாக, அடியோடு வந்தது. உள்ளே பசை பொடிந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை நாளாக அந்த முடியைப் பிடித்து வைத்திருந்தது அழுக்குதான் போலிருக்கிறது!

இன்னொரு காரணமும் உண்டு. தாத்தா அதைப் புதிதாக வாங்கவில்லை. யாரோ கழித்துவிட்ட பழைய சாமான்களோடு வந்தது. என்ன முடி, எந்தக் காலத்தது என்று அவருக்கே தெரியாது. முதல் உலகப் போர்க் காலத்தில், பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கின் உயர்ந்த ரக முடி போலத் தோன்றும்படி செய்த மலிவான குதிரைமுடி பிரஷ்கள் நிறைய விற்றன. சரியாகச் சுத்திகரிக்காத அந்த முடி வழியே ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கால்நடை நோய் தொற்றிப் படைவீரர்கள் இறந்திருக்கிறார்கள். 1920-இல் பிரிட்டன், ஜப்பானிலிருந்து சவர பிரஷ் இறக்குமதி செய்வதையே தடை செய்தது. அந்தக் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கக்கூடியவை. தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பாய். உண்மைதான். ஆனாலும் பூர்வீகம் தெரியாத முடி உன் தாடையில் படுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

நீ கண்ணாடி அலமாரியில் வைக்கத்தான் கேட்டாய் என்பது தெரியும். எனக்கும் உனக்கும் வழக்கே அதில்தான். தாத்தா அதை அலமாரியில் வைத்து ஒரு நாளும் காயவிட்டதில்லை, சவரத்துக்கு எடுத்துக்கொண்டே இருந்தார். நீயும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கைப்பிடியைக் குடைவதற்கு முன் அதைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். சட்டென்று தீப்பிடிக்கும், டிரில் பக்கமே கொண்டுபோகக் கூடாது. வாசனை இல்லை. மெருகுப் பசை தொட்ட துணியில் மஞ்சள் ஏறியது. அப்படியென்றால் பழைய ஃபீனால் பிளாஸ்டிக். வெள்ளையாகப் பிறந்து, வருடக்கணக்கில் தேன் நிறத்துக்கு மாறுகிற சாதி. முகமூடி போட்டுக்கொண்டு, சிறிய துளையில் தொடங்கி, பழைய பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுத்தேன். அரை நாள் போயிற்று. அவசரப்பட்டிருந்தால் விளிம்பு தெறித்திருக்கும்.

புது முடிக்கொத்து 22 மில்லிமீட்டர் தடிமன், செயற்கை இழை. பன்றிமுடி எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை ஒவ்வொரு நாளும் ஊறவைக்க வேண்டும், பழகி மிருதுவாகச் சில வாரங்கள் ஆகும். உன் காலைப்பொழுது எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாதா? இது நனைத்த உடனே நுரை கட்டும், சீக்கிரம் உலரும்.

ஒட்டுவதற்கு முன் பசை இல்லாமல் வைத்துப் பார்த்தது நல்லதாயிற்று. குழி ஆழமாகிவிட்டதால் கொத்து உள்ளே அமிழ்ந்து, பிரஷ் துடைப்பக்கட்டை மாதிரி விறைத்து நின்றது. பிளாஸ்டிக் மூடியிலிருந்து மூன்று வட்டங்கள் வெட்டி அடியில் போட்டேன். விளிம்புக்கு மேல் 50 மில்லிமீட்டர் நின்றதும் வளைவு சரியாக வந்தது. எபாக்ஸி பசை வைத்து ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விட்டேன்.

மெருகு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன். உப்புத்தாள் போட்டால் உள்ளே இருக்கும் தந்த நிறம் வந்துவிடும். அடியில் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். அந்த மஞ்சள் அப்படியே இருக்கட்டும்.

முகத்தில் அழுத்தித் தேய்க்காதே. நடு இழைகள் முறியும். முடித்ததும் அலசி, உதறி, காற்றாட வை. நிற்கவைத்தாலும் தொங்கவிட்டாலும் ஒன்றுதான், ஈரத்தோடு டப்பாவில் மூடாமல் இருந்தால் போதும்.

கைப்பிடியின் கழுத்தில் ஒரு கீறல் தெரியும். டிரில் வழுக்கி நான் போட்டது. தாத்தாவின் கீறல் என்று நினைத்துத் தடவிக்கொண்டிருக்காதே.

அன்புடன்,
அப்பா